வழி திறந்தாச்சு, பசி எங்கே போச்சு?

வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் அடைத்த வழியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: குணப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள், விழுங்க மட்டும் வழி செய்துகொடுத்தார்கள், வீட்டுக்கு வந்தாச்சு, இனி என்ன? அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான். மூட்டுவலிக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. உணவுக்குழாயில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்றார்கள். எச்சில்கூட இறங்காமல் டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தார். போன மாதம் எண்டோஸ்கோபி வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது கஞ்சி, குழைந்த சாதம் எல்லாம் இறங்குகிறது. ஆனால் நாலு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம் என்கிறார், எடையும் இறங்கிக்கொண்டே போகிறது. அம்மா ஊட்ட, அவர் முகத்தைத் திருப்ப, தினமும் சண்டை. வழிதான் திறந்துவிட்டதே, ஏன் தேறவில்லை? அவரிடம் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் நடந்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கடிதத்தில் அது ஓரமாகப் போய்விட்டது. விழுங்கும் சிரமத்தை நாங்கள் 0 முதல் 4 வரை எண் போட்டுப் பார்ப்போம். எல்லாம் சாப்பிட்டால் 0, திட உணவில் சிலது மட்டும் இறங்கினால் 1, குழைவானது மட்டும் என்றால் 2, திரவம் மட்டும் என்றால் 3, எதுவுமே இறங்காவிட்டால் 4. உங்கள் அப்பா 4-இல் இருந்து 2-க்கு வந்திருக்கிறார். ராத்திரி முழுக்க எச்சிலைத் துப்பிக்கொண்டு, தூங்கினால் புரையேறுமோ என்று பயந்து உட்கார்ந்திருந்த மனிதர் இப்போது படுத்துத் தூங்குகிறார் என்றால், அந்தச் சிகிச்சை தன் வேலையைச் செய்துவிட்டது.

பசி வேறு கணக்கு. முற்றிய புற்றுநோய் உடல் முழுக்க ஒருவித அழற்சியைக் கிளப்பிவிடும். அதில் சுரக்கும் பொருள்கள் பசியையும் அணைக்கும், தசையையும் கரைக்கும். பட்டினி கிடந்து மெலிந்தவருக்குச் சோறு போட்டால் உடம்பு தேறும், இந்த மெலிவு அப்படித் தேறாது. இன்னும் நாலு ஸ்பூன் கூடுதலாகத் திணித்தாலும் இந்தக் கட்டத்தில் எடை திரும்புவது அபூர்வம், திணித்தது வாந்தியாக வெளியே வருவதுதான் அதிகம். நெதர்லாந்தில் 1999 முதல் 2002 வரை 209 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்விலும் இதைப் பார்த்தார்கள். சிகிச்சைக்குப் பின் விழுங்குவது நன்றாக முன்னேறியது, ஆனால் நோயின் போக்கில் உடல் வலுவும் அன்றாட நடமாட்டமும் குறைந்துகொண்டேதான் போயின. இரண்டும் ஒரே ஆளிடத்தில் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதை வீட்டில் யாராவது ஒருவர் உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும், "நீ சரியாக ஊட்டவில்லை" என்று வருகிற போகிற உறவுக்காரர்கள் எல்லாம் சொல்வதற்கு முன்னால்.

சரி, பசி இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுவதா என்றால், இல்லை. சரிசெய்யக்கூடிய காரணங்கள் சில உண்டு, டாக்டரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு டார்ச் எடுத்து அவர் நாக்கையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூஞ்சைத் தொற்று, மருந்தில் போய்விடும், அது போனாலே சாப்பாடு கொஞ்சம் ருசிக்க ஆரம்பிக்கும். மலச்சிக்கல் பசியைக் கொன்றுவிடும், இத்தனை நாள் போகவில்லை என்று நோயாளிகள் கூச்சப்பட்டுச் சொல்லமாட்டார்கள். வலி, குமட்டல், மனச்சோர்வு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரை குறைந்த அளவில் சில வாரங்களுக்குப் பசியைத் தூண்டும், ஆனால் சர்க்கரை ஏறும், தசை பலவீனமாகும், அதனால் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் எடை மெஷின். அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுங்கள். இந்த நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஐரோப்பாவில் 18 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். அதில் என்னவெல்லாம் கேட்கிறார்கள் தெரியுமா? எச்சில் விழுங்க முடிகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா, வாய் காய்கிறதா, ருசி தெரிகிறதா, பேச முடிகிறதா, சாப்பாட்டை ரசிக்க முடிகிறதா, மற்றவர்கள் முன்னால் சாப்பிடச் சிரமமாக இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வியை உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அம்மா ஸ்பூனோடு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக எண்ணும்போது யாருக்குத்தான் இறங்கும்? சின்னக் கிண்ணத்தில் வைத்து அவர் கைக்கெட்டும் இடத்தில் விட்டுவிட்டு, டிவி பார்க்கும்போது அவராக எடுத்துச் சாப்பிடட்டும். அம்மாவின் கைக்கு வேறு வேலை கொடுங்கள், காலில் எண்ணெய் தடவிவிடுவது, பேப்பர் படித்துக்காட்டுவது என்று ஏதாவது. கவனிப்பதை நிறுத்தச் சொன்னால் அவரால் முடியாது, நிறுத்தச் சொல்லவும் கூடாது.

கடைசியாக அந்த அல்சர் பொய். உங்கள் நோக்கம் எனக்குப் புரிகிறது, நம் ஊரில் பத்து வீட்டில் எட்டு வீடு இப்படித்தான். ஆனால் அவர் இடத்திலிருந்து யோசியுங்கள். அல்சர் என்றால் குழாய் வைத்ததும் தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. அப்படியானால் காரணம் நான் சரியாகச் சாப்பிடாததுதான் என்றுதான் அவர் நினைப்பார், அம்மாவும் தினமும் அதையேதான் சொல்கிறார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறார். எடுத்த எடுப்பில் போய் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. "அப்பா, உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க? டாக்டர் சொன்னதை முழுசா தெரிஞ்சுக்கணுமா, இல்ல எங்ககிட்ட விட்டுடறீங்களா?" என்று ஒருமுறை கேளுங்கள். தெரிய வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. தெரிய வேண்டும் என்றால் டாக்டரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். எப்படியானாலும், நீங்கள் சாப்பிடாததால் இது வரவில்லை என்பதை இன்றைக்கே சொல்லிவிடலாம், அதில் ரகசியம் எதுவும் உடையாது.

கேள்வி: மாமியாருக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "சாஃப்ட் டயட்" என்று சீட்டில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். இட்லி தரலாமா, மீன் தரலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இரண்டும் தரலாம், செய்யும் விதத்தில்தான் விஷயம். ஆரோக்கியமான உணவுக்குழாய் உணவைப் பிசைந்து கீழே தள்ளும். ஸ்டென்ட் இருக்கும் பகுதி தள்ளாது, அது உலோகக் கம்பியில் பின்னிய வெறும் வலைக்குழாய், விரிந்தபின் உள் அகலம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். உணவு தன் எடையில்தான் இறங்க வேண்டும். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டு முடித்தும் அரைமணி, முக்கால் மணி உட்கார்ந்தே இருக்க வேண்டும். வாய்க்கு வாய் ஒரு மடக்கு வெந்நீர். கடைசியில் சோடா ஒரு வாய் குடிக்கச் சொல்வது எங்கள் வழக்கம், ஒட்டியிருப்பதைக் கழுவிக்கொண்டு போகும். உங்கள் பக்கத்துப் பன்னீர் சோடாவே போதும். பல் செட் தளர்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், மெலிந்ததும் எல்லோருக்கும் தளர்ந்துவிடும், மெல்ல முடியாமல் அப்படியே விழுங்குவார்கள்.

இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மசித்துக் கொடுங்கள். மீனை முள் பார்த்து, குழம்போடு உதிர்த்து. புரோட்டா, சப்பாத்தி, பிரெட் இவை உள்ளே போய் உருண்டையாகத் திரண்டு அடைக்கும், வேண்டாம். ஆட்டுக்கறித் துண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, வாழைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், தேங்காய்த் துருவல், கெட்டியாக அவித்த முட்டை, உதிர்ந்த புட்டு எல்லாம் வேண்டாம். எல்லோரும் மறப்பது தாளிப்பு. ரசம்தானே என்று ஊற்றுவார்கள், அதில் மிதக்கும் கறிவேப்பிலையும் மிளகாய்த் தோலும் போய் வலையில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டிவிட்டுக் கொடுங்கள்.

நீர்த்த கஞ்சி, ஆட்டுக்கால் சூப், இளநீர், ஆப்பிள் ஜூஸ் இவற்றை வைத்தே ஓட்டாதீர்கள். பார்க்க வருபவர்கள் எல்லோரும் ஜூஸோடுதான் வருகிறார்கள். வயிறு நிரம்பும், சத்து சேராது. சத்துமாவைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சுங்கள், ராகிக் கூழில் தயிர் கெட்டியாக, பருப்பில் நெய் ஒரு ஸ்பூன் கூட, மீன் குழம்பில் தேங்காய்ப் பால், பாலில் அடித்த முட்டையை வேகவைத்த கஸ்டர்டு. ஒரு நாளைக்கு ஆறேழு முறை, சின்னக் கிண்ணம். ஒன்று மட்டும் கவனம்: வாரக்கணக்கில் எதுவுமே இறங்காமல் கிடந்தவர் என்றால் முதல் சில நாள் அளவை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும், திடீரென்று கொட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் இறங்கி ஆபத்தாகிவிடும். அப்படிப்பட்டவருக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு "உள்ளே கரண்ட் வைக்கலாம், இல்லை என்றால் ஸ்டென்ட்" என்கிறார்கள். எங்களையே முடிவு செய்யச் சொல்கிறார்கள். எது நல்லது?
– வாசகர், கோவை

பதில்: உள்ளே கரண்ட் என்பது பிராக்கிதெரபி. மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் விட்டு, கட்டிக்குப் பக்கத்திலிருந்தே கதிர்வீச்சு கொடுப்பது. மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வு இந்த இரண்டையும்தான் ஒப்பிட்டது. ஒரே தடவை 12 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு ஒரு பக்கம், ஸ்டென்ட் இன்னொரு பக்கம். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு உடனே வழி கிடைத்தது. ஆனால் நாள்பட நாள்பட கதிர்வீச்சு பெற்றவர்கள்தான் நன்றாக விழுங்கினார்கள், சிக்கல்களும் குறைவு (21 சதவீதம், ஸ்டென்டில் 33 சதவீதம்), வாழ்க்கைத் தர மதிப்பெண்ணும் அவர்கள் பக்கம் சாய்ந்தது.

அதனால் நான் பார்க்கும் கணக்கு இது. எச்சிலே இறங்கவில்லை, அல்லது காலம் மிகக் குறைவு என்று டாக்டர் நினைக்கிறார், அல்லது உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்துவிட்டது என்றால், யோசிக்காமல் ஸ்டென்ட். இன்னும் கஞ்சி இறங்குகிறது, ஆள் நடமாடுகிறார், சில மாதங்களாவது இருப்பார் என்று தோன்றுகிறது, உங்கள் ஊரில் பிராக்கிதெரபி வசதியும் இருக்கிறது என்றால், அதை இன்னொரு முறை கேளுங்கள். ஸ்டென்ட் வைத்துவிட்டு அதன் மேல் வெளிக் கதிர்வீச்சும் கொடுத்தால் அடைப்பு திரும்பாதா என்று இங்கிலாந்தில் பார்த்தார்கள், 2021-இல் முடிவு வந்தது. விழுங்குவதில் கூடுதல் பலன் இல்லை. ரத்தக்கசிவு இருப்பவர்களுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். தினமும் வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அலைவதில் போகும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் வேகமாக வளருமாமே? அம்மாவுக்கு இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டோம்.
– வாசகர், ஈரோடு

பதில்: திரும்பக் கொடுத்துவிடுங்கள். உணவில் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, அம்மாதான் பட்டினி கிடப்பார். நீரிழிவு இருந்தால் மட்டும் மருந்தின் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்ததிலிருந்து கணவருக்கு நெஞ்சு வலி. படுத்தால் புளித்து மேலே வருகிறது. மார்ஃபின் எழுதிக் கொடுத்தார்கள், பயந்துகொண்டு தரவில்லை. திரும்ப அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: விரியும் வலை அழுத்துவதால் முதல் சில நாள் நெஞ்சு வலி சகஜம், அதற்குத்தான் மருந்து. தாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். மார்ஃபினைச் சரியான அளவில் வலிக்காகக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும் என்பதெல்லாம் பயம்தான். நம் நாட்டில் 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே இந்த நோயாளிகளுக்கு அது கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், மலத்தை இளக்கும் மருந்தை முதல் நாளே கூடவே ஆரம்பியுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் ஏறிவிடும். விழுங்க முடியாவிட்டால் வேறு வடிவில் கேட்டு வாங்குங்கள்.

புளிப்பு ஏறுவது, ஸ்டென்ட் வயிற்று வாய்வரை இறங்கியிருந்தால் வரும். வயிற்றில் இருப்பது மேலே வராமல் தடுக்கும் வால்வையே அது திறந்து வைத்துவிடுகிறது. தலையணையை அடுக்கினால் இடுப்பில் மடிந்து இன்னும் மோசமாகும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரை தினமும், ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள்.

அடைத்துக்கொண்டால் மேலே எதையும் திணிக்காதீர்கள், முதுகில் குத்தாதீர்கள். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்காரவைத்து, வெந்நீரோ சோடாவோ சின்னச் சின்ன மடக்காகக் கொடுங்கள், மெல்ல நடக்கச் சொல்லுங்கள். சில மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. எண்டோஸ்கோபியில் எடுத்துவிடலாம், கட்டி மேலே வளர்ந்து மூடியிருந்தால் இன்னொரு ஸ்டென்டும் வைக்கலாம். எச்சில் இறங்காதது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், திடீரென்று கடும் நெஞ்சு வலியோடு மூச்சுத்திணறல் அல்லது காய்ச்சல், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே 108.

கேள்வி: தம்பிக்குத் தொண்டைப் புற்றுநோய். மூக்குவழிக் குழாய் போட்டு இரண்டு மாதமாகிறது. வெளியே வரவே மாட்டேன் என்கிறான்.
– வாசகர், சேலம்

பதில்: தொண்டையின் மேல்பகுதியில் ஸ்டென்ட் வைக்க முடியாது, எப்போதும் ஏதோ சிக்கியது போல உறுத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் குழாய். நாலு முதல் ஆறு வாரத்துக்கு மேல் குழாய் தேவை என்றால் மூக்கிலிருந்து எடுத்துவிட்டு வயிற்றில் நேரடியாகப் பொருத்தும் குழாய்க்கு மாறலாமா என்று கேட்பதுதான் முறை. சட்டைக்குள் மறைந்துவிடும், முகத்தில் பிளாஸ்திரி இருக்காது. தெருமுனை டீக்கடைவரை போய் வருவான். எல்லோருக்கும் பொருந்தாது, உடல்நிலையைப் பார்த்துத்தான் செய்வார்கள். உணவு கொடுக்கும்போது தலைமாடு உயர்ந்திருக்கட்டும், முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். வாயால் சாப்பிடாதவர்களுக்குத்தான் வாய் அதிகம் நாறும், பல் தேய்ப்பதை நிறுத்தக் கூடாது. நாக்கில் ருசிக்காக ஒரு சொட்டு ரசம், தேன் வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், புரையேறும் ஆபத்து எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார். பலருக்கு அனுமதி கிடைக்கும், யாரும் கேட்பதில்லை.

குழாய் மாற்ற, புண் பார்க்க ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருக்கும் இந்த மாதிரி நோயாளிகளை வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடும் சேர்த்திதான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நோயாளியே எழுதுகிறேன். எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, எவ்வளவு நாள் என்பதும் தெரியும். அடுத்த மாதம் பேத்தி கல்யாணம். பந்தியில் உட்கார ஆசை, இருமி அசிங்கமாகிவிடுமோ என்று பயம். காபி குடிக்கலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: ஐயா, காபி தாராளமாகக் குடிக்கலாம், கொதிக்கக் கொதிக்க வேண்டாம், ஆற்றி. பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னால் ரூமில் உங்கள் வழக்கமான சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள், பசியோடு உட்கார்ந்தால் அவசரம் வரும். இலையில் என்ன வைத்தாலும் வைக்கட்டும், நீங்கள் தொடுவது பருப்பு நெய் விட்டு மசித்த சாதம், தெளிந்த ரசம், முந்திரி திராட்சை ஒதுக்கிய பால் பாயசம், மோர். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர், கையில் ஒரு பாட்டில் வெந்நீர், மகன் பையில் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ். முதல் பந்தி வேண்டாம், முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்க ஆள் நின்றுகொண்டிருப்பார்கள். வீட்டுக்காரர்கள் உட்காரும் கடைசிப் பந்தியில் உட்காருங்கள், இலையை எடுக்கிற ஆளைத் தவிர யாரும் உங்களுக்காகக் காத்திருக்கமாட்டார்கள், அவரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடலாம்.